தொட்டியில் ஹாஜி மட்டும்தான்

மென்ஸல் அப்துர்ரஹ்மான்
ஏப்ரல் 17, வியாழன் காலை

என் கண்ணே ஃபிர்யால்,

உன்மேல் இறைவனின் அமைதி இருக்கட்டும். இந்தக் காகிதம் உன் கைக்கு வரும் நேரத்தில் நீ வயிறு நிறையச் சாப்பிட்டு, சளி இருமல் எதுவும் இல்லாமல், காதை மூடும் குல்லாவைப் பையிலாவது வைத்துக்கொண்டு நடமாட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் பக்கம் பனி உருகத் தொடங்கிவிட்டது என்று சொன்னாய், உருகுகிற பனிதான் உடம்பைப் பிடிக்கும், அதனால் கம்பளிச் சட்டையை இப்போதே மடித்து மேலே போட்டுவிடாதே. என்னைப் பற்றிக் கேட்டால் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை. துறைமுகத்து ஐஸ் ஆலைக்குக் காலையில் போகிறேன், மாலையில் வருகிறேன், இரண்டாவது கம்ப்ரஸர் மறுபடி எண்ணெய் கக்குகிறது, அதோடு மல்லுக்கட்டுவதில் பகல் போய்விடுகிறது. சமையல் முட்டையும் தக்காளியும்தான், நீ சிரிப்பாய், ஆனால் இப்போதெல்லாம் அடிப்பிடிக்காமல் செய்கிறேன். எதிர்வீட்டு நஜீபின் மருமகன் ஞாயிற்றுக்கிழமை மொன்ட்ரியாலுக்குப் பறக்கிறான், அவனிடம் ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறேன். ஆலிவ் எண்ணெய் இரண்டு போத்தல், வறுத்து அரைத்த கோதுமை மாவு, காய்ந்த புதினா, ஒரு பெரிய ஜாடி மிளகாய் ஹரிஸ்ஸா. மாவுப் பைக்கு அடியில் இந்தக் கடிதம் இருக்கும். தொலைபேசியில் பேசுகிற மனுஷன் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நீ புருவத்தைத் தூக்குவாய்.

தொலைபேசியில் என் வாய் பொய்க்குப் பழகிவிட்டது, அதனால்தான் கையால் எழுதுகிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். லல்லா உயிரோடு இல்லை. நோன்பு மூன்றாம் நாள் செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கு நான் தொட்டி விளக்கைப் போட்டபோது அடியில், கடற்புல் வேருக்குப் பக்கத்தில், ஒருக்களித்துக் கிடந்தாள். ஆறு வாரமும் இரண்டு நாளும் ஆகின்றன. தொட்டியில் இப்போது ஹாஜி மட்டும்தான். இந்த ஆறு வாரமும் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் நீ "லல்லா எப்பிடி இருக்கா பாபா?" என்று கேட்டாய், நான் "நல்லா இருக்கா" என்று சொன்னேன், சாட்சிக்கு வீடியோவும் அனுப்பினேன். ஜனவரியில் நீ திரும்பிப் போன அன்று விமான நிலையத்தில் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டது ஒன்றே ஒன்று, "ஜூன்ல நான் வர்ற வரைக்கும் அம்மாவோட கடல்குதிரைங்க ரெண்டும் இருக்கணும் பாபா, வேற எதுவும் வேண்டாம்" என்று. கேட்டது ஒன்று, அதில் பாதியைத் தொலைத்தேன், தொலைத்ததை மறைத்தேன். இதற்கு முன்னால் சொன்ன பொய் இன்னொன்றும் இருக்கிறது, அது மூன்று மாதமாக உன் பெரியம்மா ஸல்வாவின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. இரண்டையும் இறக்கி வைத்துவிடுகிறேன். ஜூனில் வருவதா வேண்டாமா என்பதை நீ அதற்குப் பிறகு முடிவு செய், தெரியாமல் முடிவு செய்யாதே.

முதல் பொய் அம்மாவின் மூன்றாம் நாளில் நடந்தது. நீ முந்தின நாள் ராத்திரிதான் வந்து இறங்கியிருந்தாய், அடக்கத்துக்கு வந்து சேர முடியாமல் போன அந்த விமானத்தைத் திட்டித் திட்டி அழுது, காலையில்தான் தூங்கினாய். மூன்று நாள் நம் வீட்டில் அடுப்பு எரியவில்லை, பக்கத்து வீடுகளிலிருந்துதான் தட்டுத் தட்டாகச் சாப்பாடு வந்தது. அன்று சாயங்காலம் துக்கம் முடிக்கிற பிரிவு விருந்து, உன் மாமன் ஒரு முழு ஆட்டை வெட்டி அனுப்பியிருந்தார், சாயங்காலம் வரைக்கும் கறி கெடாமல் இருக்க வேண்டும். பெண்கள் ஃப்ரிட்ஜை நிமிஷத்துக்கு ஒரு தரம் திறந்து திறந்து அது குளிரை விட்டுவிட்டது, நான் அதன் முதுகுப்பக்கம் முட்டி போட்டு உட்கார்ந்து தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக்கொண்டிருந்தேன். கையில் திருப்புளி இருந்தால் யாரும் கிட்டே வந்து ஆறுதல் சொல்ல மாட்டார்கள். அப்போது பெரியம்மா ஃப்ரீஸரைத் திறந்து, "தம்பி, இதென்ன இது, களிமண்ணத் தட்டி வச்ச மாதிரி தட்டை தட்டையா இருக்கே?" என்று கேட்டாள். நான் எழுந்து பார்த்தேன். உன் அம்மாவின் கூனி இறால் பொட்டலங்கள், குதிரைகளின் தீனி. கோடை முழுக்கக் காயலில் முழங்கால் தண்ணீரில் நின்று வலைபோட்டுப் பிடித்து, வேளைக்கு ஒன்று என்று உறைய வைத்து, ஒவ்வொன்றிலும் பச்சை மையில் தேதி எழுதி அடுக்கியிருந்தாள். அறுபத்திரண்டு இருந்தது. எனக்கு அது என்னவென்று நன்றாகவே தெரியும். "தூக்கிப் போட்டுடு" என்று சொன்னேன். பெரியம்மா தயங்கினாள், "ரவ்தா கையெழுத்து இருக்கேப்பா இதுல, நெசமாத்தான் சொல்றியா?" என்றாள். கறி கெட்டுவிடும், போடு என்று சொல்லி, குப்பைப் பையின் வாயை நானே இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தேன். அன்றைக்கு யாராவது வந்து சுவரை இடிக்கட்டுமா என்று கேட்டிருந்தால், மெயினை அணைத்துவிட்டு இடியுங்கள் என்று சொல்லியிருப்பேன்.

மறுநாள் நீ குதிரைகளுக்குத் தீனி எடுக்கப் போய்ப் பொட்டலங்களைக் காணாமல் கூடத்துக்கு வந்து, யார் செய்தது என்று கேட்டாய். ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். உன் கண் நேராக என் முகத்துக்கு வந்தது, நான் "பெரியம்மாதான் ஃப்ரீஸர காலி பண்ணினா" என்றேன். அதற்குப் பிறகு நீ பேசியது உனக்கே ஞாபகம் இருக்கும், நான் திருப்பி எழுத வேண்டாம். அக்கா தங்கையின் கையெழுத்தைக் குப்பையில் போட்டாள் என்று ஊரெல்லாம் பேசியது. பெரியம்மா என்னை ஒரு தரம் பார்த்தாள், பிறகு தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு, தேநீர் தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். நாற்பதாம் நாள் கழிந்த பிறகு நான் அவளிடம் கேட்டேன், ஏன் அன்று வாயைத் திறக்கவில்லை என்று. அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "நீ ஒரு மரமண்டை, தம்பி. அம்மாவப் புதைச்ச மறுநாள் வந்து எறங்கின பொண்ணு, கத்தித்தான் ஆகணும். உன்னப் பாத்துக் கத்தியிருந்தா அவளுக்கு அப்பனும் போயிருப்பான். என்னப் பாத்துக் கத்தட்டும், எனக்குத் தோல் தடிமன்." தடிமன் இல்லை கண்ணே. பெருநாள் அன்று அவள் உனக்கு மூன்று தரம் கூப்பிட்டாள், நீ எடுக்கவில்லை, "கனடால இன்னும் பிறை தெரியல போல" என்று சிரித்துவிட்டுக் கைப்பையைத் திறந்து எதையோ தேடத் தொடங்கினாள், வெகுநேரம் தேடினாள். இந்தப் பொட்டலத்தில் இருக்கிற ஹரிஸ்ஸா அவள் அரைத்தது. பிப்ரவரியில் அனுப்பிய ஜாடியும் அவள் கைதான், கடையில் வாங்கியது என்று நான் சொன்னேன், நீயும் கடை ஹரிஸ்ஸா இவ்வளவு நன்றாக இருக்கிறதே என்று எழுதியிருந்தாய்.

இனி லல்லாவின் விஷயம். நீ போன பிறகு காயல் ஓரத்து ஹத்தாப்தான் தினமும் ஒரு டப்பா உயிர்க்கூனி பிடித்துக் கொடுத்தார். அவர் வலையில் மாட்டிய ஜோடிதானே இது, அதனால் அவருக்குக் கொஞ்சம் சம்பந்தி உரிமை. டப்பாவை நீட்டும்போதெல்லாம் "கடல்ல எவனும் குதிரைக்கு மூணு வேள பரிமாறுறதில்ல எஞ்சினீயரே, உன் வீட்ல பொறந்திருக்கலாம் நான்" என்பார். ஆனால் மூன்று வேளை போடாமல் முடியாது, அதுகளுக்கு இரைப்பையே கிடையாது, தின்றது நேராக ஓடிவிடும் என்று உன் அம்மா எனக்கு ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறாள். பிப்ரவரி கடைசியில் வடமேற்குக் காற்று கிளம்பியது, ஒன்பது நாள் ஒரு படகும் அவிழ்க்கவில்லை. ஃப்ரீஸரில் அந்த அறுபத்திரண்டும் இருந்திருந்தால் இந்த ஒன்பது நாள் ஒரு பொருட்டே இல்லை. சந்தையில் இறால் வாங்கி ஊசிமுனை அளவுக்கு நறுக்கிப் போட்டேன். ஹாஜி இரண்டு நாள் முறைத்துவிட்டு மூன்றாம் நாள் தின்றான். லல்லா தின்னவில்லை. ஒரு துண்டை அவள் மூக்குக்கு நேரே விட்டால் ஒரு கண்ணால் அதைப் பார்ப்பாள், இன்னொரு கண் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும், பிறகு மெதுவாகத் திரும்பிக்கொள்வாள். நான் காலையும் மாலையும் அளவெடுத்துத் தாளில் குறித்தேன். வெப்பம் பதினெட்டரை, உப்பு சரி, அமிலம் சரி, காற்று சரி. எல்லா அளவும் சரியாக இருந்தால் யந்திரம் ஓட வேண்டும், அதுதான் நான் படித்த படிப்பு. ஒன்பதாம் நாள் காற்று அடங்கியது, பத்தாம் நாள் காலை அவள் கிடந்தாள்.

நான் அழவில்லை. உன் அம்மாவுக்கும் நான் இன்னும் அழவில்லை என்பது ஊருக்கே தெரியும், ஸல்வா அதைச் சொல்லிச் சொல்லி என்னைக் கிள்ளுகிறாள். லல்லாவை ஒரு சின்னப் பையில் போட்டு, தேதி எழுதி, ஃப்ரீஸரில் வைத்தேன். உனக்கு இது கோரமாக இருக்கலாம். எலுமிச்சைத் தொட்டியில் புதைக்கத்தான் குழி தோண்டினேன், தோண்டிய பிறகு, இதற்கும் ஃபிர்யால் வந்து சேராமல் மண்ணைத் தள்ளிவிடப் போகிறோமா என்று ஒரு நினைப்பு வந்தது, மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டேன். தினமும் காலையில் அவர்கள் இரண்டு பேரும் சந்தித்துக்கொள்வது உனக்குத் தெரியும், இடது மூலையில் அந்தச் சிவப்புக் கயிற்றுப் பக்கம், நிறம் வெளுத்து, வாலோடு வால் கோத்து ஒரு சுற்று சுற்றிவிட்டுத்தான் அவரவர் வேலைக்குப் போவார்கள், உன் அம்மா காப்பிக் கோப்பையோடு நின்று "பாரு, கல்யாணமாகி மூணு வருஷம், இன்னும் காலைல சலாம் சொல்றான், கத்துக்கோ முன்திர்" என்று என் முதுகில் தட்டுவாள். லல்லா போன பிறகும் ஹாஜி அந்த மூலைக்கு வந்தான். ஏழே காலுக்கு வருவான், நிறம் மாறுவான், காத்திருப்பான், எட்டு மணிக்குப் போய்விடுவான். பதினோரு நாள் வந்தான். பன்னிரண்டாம் நாள் வரவில்லை. நான் செய்ததெல்லாம் எண்ணியதுதான்.

அந்த வாரத்து வெள்ளிக்கிழமை நீ கூப்பிட்டு, ஒரு வீடியோ அனுப்புங்கள் பாபா என்றாய். அன்றைக்கே சொல்லியிருக்கலாம். உனக்குப் பரீட்சை, இரண்டு நாள் கழித்துச் சொல்லலாம் என்று நினைத்தேன். உன் அம்மாவின் தொலைபேசியை எடுத்து, அவள் போன வருஷம் எடுத்து வைத்திருந்த வீடியோக்களில் ஒன்றை உனக்கு அனுப்பினேன். லல்லா கயிற்றைச் சுற்றிக்கொண்டு ஆடுகிற வீடியோ. நீ உடனே பதிலுக்கு ஏழு இதயம் அனுப்பினாய். அடுத்த வெள்ளி இன்னொன்று, அதற்கடுத்த வெள்ளி இன்னொன்று. ஆறு வெள்ளிக்கு ஆறு. போன வெள்ளிக்கிழமை நீ என்ன சொன்னாய் என்று ஞாபகம் இருக்கிறதா? "லல்லா அம்மா இருந்தப்போ இருந்த மாதிரியே இருக்கா பாபா. உங்களால இது முடியும்னு நான் நெனைக்கவே இல்ல" என்றாய். அதைக் கேட்டதும், கம்ப்ரஸர் சத்தம் கேட்கிறது, வேலை இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். கம்ப்ரஸர் ஓடவில்லை, நான் வீட்டில்தான் இருந்தேன். பெரியம்மா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "எப்ப சொல்லப் போற? பொய்ய ஃப்ரீஸர்ல வச்சா கெடாதுன்னு நெனைச்சியா ஐஸ்காரா?" என்று கேட்டாள்.

பெரியம்மா ஏன் நம் வீட்டில் நின்றாள் என்பதையும் சொல்ல வேண்டும், அது ஹாஜியின் கதை. லல்லா போவதற்குப் பத்து நாள் முன்னால், காற்று கிளம்புவதற்கு முந்தின நாள், அவர்கள் இருவரும் வயிற்றோடு வயிறு ஒட்டிக்கொண்டு தண்ணீரில் மேலே மேலே எழும்பியதை நான் பார்த்தேன், சண்டை போடுகிறார்கள் என்று நினைத்து ஒரு கரண்டியால் விலக்கக்கூடப் போனேன். நோன்பு பாதியில் ஹாஜியின் வயிற்றுப் பை வீங்கிப் பந்து மாதிரி ஆகிவிட்டது. இந்தச் சாதியில் ஆண்தான் பையில் பிள்ளை சுமக்கும் என்று தெரிந்தும் அந்த எண்ணமே எனக்கு வரவில்லை, பெண்தான் செத்துவிட்டதே. பைக்குள் காற்று அடைத்துக்கொள்ளும் ஒரு நோய் இருக்கிறது, அதைப் பற்றிப் படித்தேன், படித்ததில் ஒவ்வொரு அறிகுறியும் பொருந்தியது, காற்றை உறிஞ்சி எடுக்க மெல்லிய சிரிஞ்சு ஒன்றை மருந்துக்கடையில் வாங்கி வந்து வெந்நீரில் போட்டு வைத்தேன். அந்த நேரத்தில் ஹத்தாப் கூனி டப்பாவோடு வந்தார். தொட்டியை ஒரு பார்வை, சிரிஞ்சை ஒரு பார்வை. "யா ரப்பி! குத்திடாதடா, படிச்ச கழுத! காத்தா இருந்தா தக்கை மாதிரி மேல மெதக்கும், இவன் கீழ கல்லு மாதிரி ஒக்காந்திருக்கான் பாரு. அவன் சுமக்குறான்டா, செத்துப் போன பொண்டாட்டியோட பிள்ளைங்களச் சுமக்குறான்" என்று என் கையிலிருந்த சிரிஞ்சைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இன்னும் திருப்பித் தரவில்லை, அவருடைய ஆட்டுக்கு மருந்து கொடுக்கிறாராம்.

நோன்பு இருபத்தைந்தாம் நாள் விடிந்து கொஞ்ச நேரத்தில் பிறந்தன. ஹாஜி கயிற்றை வாலால் இறுக்கிக்கொண்டு உடம்பை மடக்கி மடக்கி உந்தினான், ஒவ்வொரு உந்தலுக்கும் ஏழெட்டு, நறுக்கிப் போட்ட நூல் துண்டு மாதிரி, ஆனால் ஒவ்வொன்றுக்கும் கழுத்தும் மூக்கும் வாலும் முழுதாக இருந்தன. போன தடவை பிறந்தவற்றை வடிகட்டிப் பம்பு இழுத்துக்கொண்டதும் உன் அம்மா அன்று முழுக்கச் சாப்பிடாமல் கிடந்ததும் எனக்குள் சட்டென்று வந்தது, பம்பை நிறுத்திவிட்டுப் பெரியம்மாவைக் கூப்பிட்டேன். வீட்டு உடுப்பிலேயே, சூப்புக் கரண்டியோடு ஓடி வந்தாள். "இந்த வயசுல ஆம்பளப் பிரசவம் பாக்கணும்னு என் தலைல எழுதியிருக்கு. எங்க வீட்டுக்காரருக்கும் இப்பிடி ஒரு பை குடுத்திருந்தா நாலோட நிறுத்தச் சொல்லி நான் கெஞ்சியிருக்க வேண்டாம், அவரே ஒண்ணோட ஓடியிருப்பாரு" என்று சொல்லிக்கொண்டே, ஒன்றுகூட நசுங்காமல், வட்டத் தொட்டிக்கு மாற்றினாள். அப்படிச் சொல்லிச் சிரித்தவள் திடீரென்று கரண்டியை வைத்துவிட்டு, ரவ்தா, ரவ்தா என்று தங்கையைக் கூப்பிட்டு அழுதாள். நான் அவள் தோளில் கை வைத்தேன், அவ்வளவுதான் எனக்கு முடிந்தது.

புகைப்படம் எடுத்து எண்ணியதில் நூற்று நாற்பத்தொன்று. முதல் வாரத்திலேயே நூறுக்கு மேல் போய்விட்டன. கடலிலும் ஆயிரத்தில் ஒன்றிரண்டுதான் பிழைக்கும் என்று ஹத்தாப் சொல்கிறார், அது எனக்குப் பெரிய ஆறுதல் இல்லை. ஒரு தண்ணீர்ப் போத்தலைக் கவிழ்த்து, உப்புத்தண்ணீர் விட்டு, காற்றுக் குழாய் போட்டு, அதில் உப்பளத்து இறால் முட்டையைப் பொரிக்க வைக்கிறேன், அதற்குக் கதகதப்பு வேண்டும், ஃப்ரிட்ஜின் முதுகுப்பக்கம் சரியாக இருபத்தெட்டு இருக்கிறது, அங்கேதான் வைத்திருக்கிறேன். நான் ஆலையில் இருக்கும் நேரத்தில் பகலில் மூன்று தரம் வந்து தீனி போடுவது பெரியம்மா. நீ மூன்று மாதமாகப் பேசாத அதே பெரியம்மா. குஞ்சுகள் பிடித்துக்கொள்ளக் கயிறு கிடைக்காவிட்டால் ஒன்றின் கழுத்தை ஒன்று வாலால் சுற்றிக்கொள்கின்றன, அவள் பல் குத்தும் குச்சியால் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, "உங்க ஆத்தா மாதிரியே பிடிவாதம்" என்று லல்லாவைத் திட்டுகிறாள்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது, இதை எழுதத்தான் காலையிலிருந்து நாலு கோப்பை தேநீர் குடித்தேன். அந்த வீடியோக்களில் ஏன் சத்தமே இல்லை என்று நீ ஒரு தடவை கேட்டாய், பம்பு இரைச்சல் அதிகம், அதனால் எடுத்துவிட்டேன் என்றேன். பம்பு இல்லை கண்ணே. ஆறிலும் உன் அம்மாவின் குரல் இருக்கிறது. குதிரைகளோடு அவள் பேசிக்கொண்டே எடுப்பாள், உனக்குத் தெரியும். அந்தக் குரலோடு அனுப்பினால் பழைய வீடியோ என்று நீ கண்டுபிடித்துவிடுவாய் என்று கணினியில் ஏற்றிச் சத்தத்தைத் தனியாகக் கழற்றினேன். கழற்றும்போது நான் கேட்கவில்லை, ஒலிபெருக்கியை அணைத்துவிட்டுத்தான் செய்தேன். ஆனால் குரல் திரையில் பச்சைக் கோடாகத் தெரியும். அவள் பேசுகிற இடத்தில் கோடு தடிக்கிறது, மூச்சு விடுகிற இடத்தில் மெலிகிறது, மூன்றாவது வீடியோவில் ஓரிடத்தில் சட்டென்று உயரமாக எழும்பி உடைந்து உடைந்து இறங்குகிறது, அங்கே அவள் சிரித்திருக்க வேண்டும். எதற்குச் சிரித்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. அந்த இடத்தை நான் விரலால் தொட்டுப் பார்த்தேன். உன் அம்மாவின் குரல் உனக்கு வர வேண்டியது, அதை ஆறு தடவை உன்னிடமிருந்து எடுத்துவிட்டு வெறும் வீடியோவை அனுப்பினேன். லல்லாவைத் தொலைத்ததைவிட இதுதான் பெரிய குற்றம் என்று இப்போது தோன்றுகிறது. எதையும் அழிக்கவில்லை, எல்லாம் அவள் தொலைபேசியில் முழுசாக இருக்கிறது. தனியாகக் கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை. அங்கே அந்தச் சின்ன அறையில் நீ தனியாகக் கேட்பதை நினைக்கவும் முடியவில்லை. ஆனால் அதை முடிவு செய்கிற உரிமை எனக்கு இல்லை, ஒரு வார்த்தை "அனுப்புங்க" என்று சொல், அன்றைக்கே ஆறையும் சத்தத்தோடு அனுப்புகிறேன். காத்திருக்கிறேன் என்று சொன்னாயானால், ஜூனில் நாம் இரண்டு பேரும் சமையலறை மேசையில் உட்கார்ந்து கேட்கலாம்.

கோபத்தோடு வந்தாலும் வா. என்னோடு பேசாமல் ஒரு மாதம் உட்கார்ந்திருக்க வேண்டுமானாலும் இங்கே வந்து உட்கார்ந்திரு. நீ கதவைச் சாத்துகிற சத்தம்கூட இல்லாமல் வீடு நூற்றுப் பத்து சதுர மீட்டர் வெறும் காற்றாக இருக்கிறது. நீ படிக்கப் போனபோது அம்மா இருந்தாள், நீ இல்லாதது எங்கள் இரண்டு பேருக்கும் பங்காக இருந்தது, இப்போது முழுதும் என் ஒருவனுக்கு. இரவல் ஆறுதல் எதுவும் வேண்டாம் எனக்கு, உன் முகத்தைப் பார்த்தால் போதும்.

இறைவன் உன் படிப்பை லேசாக்கட்டும், உன் வழியில் நல்லவர்களை நிறுத்தட்டும், உன் அம்மாவுக்கு விசாலமான இடம் தரட்டும். எண்ணெய்ப் போத்தலின் மூடியை இறுக்கிக் கட்டியிருக்கிறேன், திறக்கும்போது கையை வெட்டிக்கொள்ளாதே, துணி வைத்துத் திருகு. இந்தக் கடிதத்தைப் படித்து முடித்ததும் எனக்குக் கூப்பிட வேண்டாம், முதலில் பெரியம்மாவுக்குக் கூப்பிடு. அங்கே காலை பத்து மணி என்றால் இங்கே மூன்று, அந்த நேரத்தில் அவள் நம் வீட்டில்தான் இருப்பாள், ஒரு கையில் சொட்டுக் குழாய் இருக்கும், அதனால் எடுக்கக் கொஞ்சம் தாமதமாகும், வைத்துவிடாதே. இன்று காலை குஞ்சுகள் பத்தொன்பது. நீ கேட்கும்போது குறைந்திருந்தால், குறைந்துவிட்டது என்றே சொல்வேன்.

உன் பாபா,
முன்திர்